வருஷத்துக்கு 40 பவுண்டு

எம்.ஏ.வில் ஆங்கில நாவல் தாள் ஒன்றில் இரண்டு தடவை தோற்றேன். முதலில் அதன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த தொழில் அதுதான். சுருக்கப் பதிப்பு என்று தெரியாமல் வாங்கிய ஆறு புத்தகம் 900 ரூபாய். கைடு 480. இரண்டு தடவை அரியர் எழுதக் கட்டிய ஃபீஸ் 1,120. சம்பளம் பிடித்த நாள் நான்கு, அதற்கு 1,800. இலவசமாகவே கிடைக்கும் என்று தெரியாமல் மறுபடி வாங்கிய முழுப் புத்தகங்கள் 2,350. ஆக மொத்தம் 6,650 ரூபாய். இதோடு இரண்டு வருஷம், ஒரு வரன், அம்மா என்னோடு பேசாமல் இருந்த பதினோரு நாள். கடைசி மூன்றுக்கும் ரூபாய் போடத் தெரியவில்லை.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னை நார் மில்லில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். வரை தமிழ் வழி. 29 வயதில், எல்லாரும் வேண்டாம் என்று சொல்லியும், தபால் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்தேன். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், எதுவும் அமையவில்லை, சாயந்திரங்கள் நீளமாக இருந்தன. அவ்வளவுதான் காரணம். இரண்டாவது வருஷத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலுக்கு ஒரு தாள். ஜேன் ஐயர், ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ், எம்மா, வேனிட்டி ஃபேர், மிடில்மார்ச், டெஸ் என்று ஆறு நாவல். ஞாயிற்றுக்கிழமை நேரடி வகுப்பில் ஆறையும் ஒரே காலைப்பொழுதில் முடித்துவிட்டார்கள். சந்தேகம் கேட்க ஆளில்லை. மில்லில் என் பக்கத்து மேஜைக்காரர் "கதைப் புக்குக்கு எதுக்குங்க பரீட்சை?" என்று கேட்டார். அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது.

ஆறு புத்தகத்தையும் ஒரே கட்டாக வாங்கினேன். அட்டை பளபளவென்று இருந்தது, உள்ளே படம்கூட இருந்தது. ஜேன் ஐயர் 120 பக்கம். இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டு, ஆங்கில நாவல் என்றால் என்னமோ பயமுறுத்தினார்களே என்று எனக்கே என் மேல் பெருமை. பரீட்சையில், ஜேன் வேலை பார்க்கும் வீட்டு முதலாளி ரோச்செஸ்டர் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்பதையும் செயின்ட் ஜான் ரிவர்ஸ் என்ற பாதிரியார் கேட்பதையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னார்கள். என் புத்தகத்தில் செயின்ட் ஜான் ஒன்றரைப் பக்கம்தான் வருவார். மழையில் மயங்கிக் கிடந்த பெண்ணுக்கு வீட்டில் இடம் கொடுத்த நல்ல அண்ணன் என்று எழுதிவிட்டு வந்தேன். பாஸ் மார்க் 50. நான் வாங்கியது 31.

இதை மட்டுமாவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்குமுன் கடைசி அத்தியாயத்தைத் திறந்து எண்ணைப் பாருங்கள். ஜேன் ஐயர் 38 அத்தியாயம். ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் 61, எம்மா 55, டெஸ் 59, வேனிட்டி ஃபேர் 67, மிடில்மார்ச் 86. எண் குறைந்தால் யாரோ கத்தரி வைத்திருக்கிறார்கள். சில பழைய பதிப்புகளில் ஒவ்வொரு பாகத்துக்கும் மறுபடி ஒன்றிலிருந்து எண் போட்டிருப்பார்கள், அப்போது பாகங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பக்க எண்ணிக்கையை நம்பாதீர்கள், எழுத்தைப் பெரிசாக்கிப் பக்கத்தைக் கூட்டிவிடலாம். இன்னொன்று, இந்த நாவல்கள் எதற்கும் இப்போது காப்புரிமை கிடையாது. ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் முழுசாக இலவசம், போனிலேயே படிக்கலாம். லிப்ரிவாக்ஸ் தளத்தில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவும் சும்மாவே கிடைக்கிறது. 2,350 ரூபாய் கொடுத்து முழுப் புத்தகங்களை வாங்கிய பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

முழு ஜேன் ஐயரைப் படித்தபோதுதான் எவ்வளவு ஏமாந்திருக்கிறேன் என்று புரிந்தது. அந்தச் செயின்ட் ஜான் நல்ல அண்ணனே இல்லை. ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தவளை அதை விட்டுவிட்டு இந்துஸ்தானி படி என்கிறார். எதற்கு? மதப் பிரசாரத்துக்கு இந்தியா வருகிறார், கூட வேலை செய்ய ஒரு மனைவி வேண்டும். காதல் இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். தங்கையாக வேண்டுமானால் வருகிறேன், மனைவியாக மாட்டேன் என்கிறாள் ஜேன். நம் ஊர்ப் பக்கம் கப்பல் ஏற இருந்தவள் என்று நினைத்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வந்திருந்தால் இந்த வெயிலில் மூன்று மாதம் தாங்கியிருக்க மாட்டாள். அவளுக்கே அது தெரியும், சொல்லவும் சொல்கிறாள்.

ஆனால் அவள் மேல் எனக்குக் கோபமும் வந்தது. கணக்குக்காரியின் கோபம். லோவுட் பள்ளியில் டீச்சராக அவள் சம்பளம் வருஷம் 15 பவுண்டு. ரோச்செஸ்டரின் தார்ன்ஃபீல்டு வீட்டில் 30. ஒரு சமயம் ஊருக்குப் போகச் சம்பளம் கேட்கிறாள். வரவேண்டியது 15. ரோச்செஸ்டர் 50 பவுண்டு நோட்டை நீட்டுகிறார், மாற்றச் சில்லறை இல்லை என்கிறாள், அப்புறம் 10 மட்டும் கொடுக்கிறார். "இன்னும் 5 பாக்கி" என்று சிரித்துக்கொண்டே ஞாபகப்படுத்துகிறாள். பிறகு அவருக்குப் பைத்தியம் பிடித்த மனைவி மாடியில் இருப்பது தெரிந்து விடியுமுன் வீட்டை விட்டு ஓடும்போது கையில் இருப்பது 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. அந்தக் காசு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்தில் கோச்சுக்காரன் இறக்கிவிட்டுவிடுகிறான். துணிமூட்டையை வண்டியிலேயே மறந்துவிடுகிறாள். ஒரு ரொட்டிக்குக் கைக்குட்டையைத் தருகிறேன் என்று கடையில் கெஞ்சி, கடைசியில் பன்றித் தொட்டியில் கொட்டப் போன ஆறிப்போன கஞ்சியை வாங்கிச் சாப்பிடுகிறாள். அந்த 5 பவுண்டு பாக்கி வந்ததா என்று பின்னால் தேடிப் பார்த்தேன், எங்கும் கண்ணில் படவில்லை. அது கையில் இருந்திருந்தால் பன்றிக் கஞ்சி வந்திருக்காது. இப்படிப்பட்டவளுக்குப் பின்னால் 20,000 பவுண்டு சொத்து வருகிறது, அதையும் தன்னையும் சேர்த்து நான்கு பேருக்குத் தலைக்கு 5,000 என்று பிரித்துவிடுகிறாள். ராத்திரி பதினொரு மணிக்கு "அடிப் பாவி" என்று வாய்விட்டுச் சொன்னேன். அம்மா எழுந்து வந்து யாரைத் திட்டுகிறாய் என்று கேட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் உடுமலைப் பக்கமிருந்து அந்த வரன் வந்தது. அப்போது நான் ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸில் இருந்தேன். எலிசபெத் பென்னெட்டுக்கு முழு அடிமையாக இருந்தேன் என்று சொன்னால் சரியாக இருக்கும். இருபது வயதுப் பெண், மூன்று மைல் சேற்றில் நடந்து பாவாடை ஓரமெல்லாம் மண்ணாக வந்து நிற்கிறாள், பணக்காரப் பெண்கள் முகம் சுளிக்கிறார்கள், இவளுக்குக் கவலையே இல்லை. கோலின்ஸ் என்ற பாதிரியார் வந்து, நான் ஏன் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று காரணம் அடுக்குகிறார். இவள் முடியாது என்கிறாள். பெண்கள் முதல் தடவை வெட்கத்துக்கு அப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் நம்ப மறுக்கிறார். எவ்வளவு சிரித்தேன்.

வந்தவருக்கு ஜவுளிக் கடை. நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். கடை, கடைக்குப் புதிதாகப் போட்ட ஏ.சி., தீபாவளிக்கு வரும் கூட்டம், பேசிக்கொண்டே இருந்தார். "வேலைக்குப் போறதை நிறுத்திக்கலாமுங்க, அவசியம் இல்லை" என்று ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற குரலில் சொன்னார். என் தலைக்குள் கோலின்ஸ், கோலின்ஸ் என்று மணி அடித்தது. தனியாகப் பேச விட்டபோது நான் பேசினேன் பாருங்கள் ஒரு பேச்சு, முழு வாக்கியமாக, ஏற்ற இறக்கத்தோடு. என்னைச் சந்தோஷப்படுத்த உங்களால் முடியாது, உங்களைச் சந்தோஷப்படுத்த என்னாலும் முடியாது என்கிற மாதிரி. அது என் பேச்சே இல்லை, எலிசபெத்தை நான் தமிழில் ஒப்பித்தது. அந்த மனுஷன் காபி டம்ளரை கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "சரிங்க" என்றார். அத்தை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "இந்தப் புள்ளைக்கு என்ன வந்துச்சு, நாடகத்துல பேசற மாதிரி பேசுது" என்றாள். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஏன் கண்ணு, அந்தப் பையனுக்கு என்ன குறை?" அதற்கப்புறம் பதினோரு நாள் பேச்சில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

நாவலில் எலிசபெத்துக்கு ஓர் அப்பா இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளாவிட்டால் உன் அம்மா உன் முகத்தில் விழிக்க மாட்டாள், செய்துகொண்டால் நான் விழிக்க மாட்டேன் என்கிறார். எனக்கு அப்பா இல்லை, நான் பிளஸ் டூ படிக்கும்போதே போய்விட்டார். அந்தப் பதினோரு நாளும் அந்த ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இரண்டாவது பரீட்சையைக் கைடை மட்டும் நம்பி எழுதவில்லை, நாவல்களைப் படித்துவிட்டுத்தான் எழுதினேன். தப்பு வேறு இடத்தில் நடந்தது. விடைத்தாள் முழுக்கக் கதாநாயகிகளைப் பற்றித் தீர்ப்பு எழுதினேன். எலிசபெத் வீராங்கனை. அவள் தோழி சார்லட் லூகஸ், அதே கோலின்ஸை மூன்றே நாளில் கட்டிக்கொள்ளச் சம்மதித்தவள், சுயமரியாதை இல்லாதவள். எம்மா திமிர் பிடித்தவள். மிடில்மார்ச்சின் டொரோதியா முட்டாள். அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊர்ப் பெண்களைப் பேசுகிற மாதிரி எட்டுப் பக்கம். 43 மார்க். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது ஓரத்தில் சிவப்பில் ஒரே வார்த்தை, ஆங்கிலத்தில், "ஏன்?" என்று இருந்தது.

மூன்றாவது தடவைக்கு முன்னால் டெஸ் படித்தேன். முதலில் கட்டாக வாங்கியதில் இருந்த டெஸ் சுருக்கப் பதிப்பு, முழுசாக வாங்கியதில் அது இல்லை. கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் முன்பக்கம் கிழிந்த பிரதி ஒன்றை 60 ரூபாய்க்கு வாங்கினேன். அது மேலே போட்ட கணக்கில் சேராது, ஏனென்றால் அது நஷ்டமில்லை. பதினோராம் அத்தியாயம் வரை ஒழுங்காகப் போனது. டெஸ்ஸும் அவள் வேலை பார்க்கும் வீட்டுப் பணக்காரப் பையன் அலெக்கும் ராத்திரி குதிரையில் போகிறார்கள், காட்டில் பனிமூட்டம், வழி தெரியவில்லை, அவள் காய்ந்த இலைகள் மேல் படுத்துத் தூங்கிப் போகிறாள். அத்தியாயம் முடிந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் சில வாரம் கழித்து அவள் கூடையைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு நடந்து போகிறாள். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அறுவடை வயலில் உட்கார்ந்து ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். யாருடைய குழந்தை? நடுவில் பத்துப் பக்கமாவது போய்விட்டது என்று முடிவு கட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி உக்கடத்துக்கே போய்ச் சண்டை பிடித்தேன்.

கடைக்காரர் வயசானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாக எண்ணினார். "அம்மிணி, பக்கம் எல்லாம் வரிசையாத்தானுங்க இருக்குது. ஒண்ணும் போகலை." நானும் எண்ணினேன். எதுவும் போகவில்லை. நாவலாசிரியர் ஹார்டி எழுதவே இல்லை. அந்த ராத்திரி நடந்ததை எழுதாமல் வெறும் பனிமூட்டத்தை வைத்துவிட்டு, அடுத்த பாகத்துக்கு இனி அவள் கன்னியில்லை என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தலைப்பைப் படிக்கத் தெரியவில்லை. கடை வாசலில் நின்றபடியே புரிந்தது. முகமெல்லாம் சூடாகிவிட்டது. அவர் என்ன நினைத்தாரோ, "உட்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினார்.

பின்னால் தெரிந்துகொண்டேன், 1891இல் அது முதலில் 'தி கிராஃபிக்' என்ற வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது அந்த அளவுக்குக்கூட விடவில்லை. அலெக் டெஸ்ஸைப் பொய்க் கல்யாணம் செய்து ஏமாற்றினான் என்று கதையையே மாற்ற வேண்டியிருந்தது. தேங்கிய தண்ணீரைத் தாண்டப் பால்காரப் பெண்களை, பின்னால் டெஸ்ஸைக் கட்டிக்கொள்கிற ஏஞ்சல் கையில் தூக்கிப் போகிற இடத்தில் ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, அதில் உட்கார வைத்துத் தள்ளச் சொன்னார்கள். ஆகவே இந்த நாவல்களில் பெண்ணுக்கு நடக்கிற பெரிய விஷயம் பக்கத்தில் இருக்காது, இரண்டு அத்தியாயத்துக்கு நடுவில் இருக்கும். பக்கம் காணோம் என்று தோன்றினால் அங்கேதான் நின்று படிக்க வேண்டும்.

டெஸ்ஸை முடித்த பிறகு நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாண ராத்திரி ஏஞ்சல் தன் பழைய தப்பைச் சொல்கிறான், இவள் அந்த நிமிஷமே மன்னிக்கிறாள். இவள் தன் கதையைச் சொல்கிறாள், அவனுக்கு அவள் வேறு ஆளாகிவிடுகிறாள். முன்னாலேயே எல்லாவற்றையும் எழுதி அவன் கதவடியில் தள்ளிய கடிதம் தரை விரிப்புக்கு அடியில் போய்விட்டிருந்தது. அந்த விரிப்பை நினைத்தால் இன்னமும் எனக்கு வயிறு கலங்கும். வீட்டில் யாரோடும் பேச முடியவில்லை. எந்த ஊர்ப் பெண் கதைக்கு அழுகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு யோசனை சொல்கிறேன். டெஸ்ஸைப் பரீட்சைக்கு முந்தின வாரத்துக்கு வைக்காதீர்கள். தனியாகப் படிப்பவராக இருந்தால், ராத்திரியில் படிக்காமல் பஸ்ஸில், ஆள் நடமாட்டத்தில் படியுங்கள்.

அந்த நான்கு நாளில் ஒரு விஷயம் உறைத்தது. ஏன் என்று ஓரத்தில் எழுதியிருந்ததே, அதற்கு விடை காசில் இருந்தது. டெஸ் ஏன் அலெக் வீட்டுக்கு வேலைக்குப் போனாள்? வீட்டில் இருந்த ஒரே குதிரை அவள் ஓட்டிப் போனபோது தபால் வண்டி மோதிச் செத்தது, குடும்பத்தின் பிழைப்பே அந்தக் குதிரைதான். கடைசியில் ஏன் அவனிடமே திரும்பிப் போனாள்? அவர்கள் குடியிருந்த வீட்டின் குத்தகை அப்பாவின் ஆயுள் வரைக்கும்தான். அவர் செத்ததும் தாயும் பிள்ளைகளும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். இதை நான் படித்திருந்தேன். ஆனால் அழுகையில் கவனிக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்து, மில்லில் செய்கிற மாதிரியே வரவு, செலவு, பாக்கி என்று கோடு போட்டு, ஒவ்வொரு கதாநாயகிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன்.

எலிசபெத்தின் பக்கத்தை எழுதும்போது கை நின்றுவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்த அதே கோலின்ஸ் பேச்சில், அவர் அவளுடைய சொத்துக் கணக்கைச் சொல்கிறார். 4 சதவீத அரசாங்கப் பத்திரத்தில் 1,000 பவுண்டு, அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு. வட்டி போட்டுப் பாருங்கள், வருஷத்துக்கு 40 பவுண்டு. அப்பாவின் நிலத்திலிருந்து வருஷம் 2,000 பவுண்டு வருகிறது, ஆனால் அந்த நிலம் ஆண் வாரிசுக்குத்தான் போகும் என்று கட்டி வைத்த சொத்து. ஐந்து பெண்களுக்கும் ஓர் அடி கிடையாது. அப்பா கண்ணை மூடினால் வீட்டோடு எல்லாம் கோலின்ஸுக்கு. அவரை வேண்டாம் என்று சொன்னபோது எலிசபெத் வைத்த பணயம் அவ்வளவு பெரியது. அன்றைக்கு ஜவுளிக் கடைக்காரரிடம் நான் வசனம் பேசியபோது என் சம்பளம் மாதம் 13,500. வீடு அம்மா பேரில். நான் எதையும் பணயம் வைக்கவில்லை. வெறும் வசனம்தான் பேசினேன்.

அப்புறம் அந்த அப்பா. பதினோரு நாள் நான் கட்டிக்கொண்டு அழுத அப்பா. 2,000 பவுண்டையும் வருஷா வருஷம் செலவழித்துவிட்டு ஒரு பென்னிகூட எடுத்து வைக்கவில்லை. ஏன் தெரியுமா? பையன் பிறப்பான், அவன் பெரியவனானால் அவனோடு சேர்ந்து அந்தச் சொத்துக் கட்டை உடைத்துக்கொள்ளலாம் என்று இருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் பெண். அதற்கப்புறம் சேர்க்க நேரமில்லை. இது நம் ஊர்க் கதை மாதிரி இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாவல் முழுக்க நாம் கேலி செய்து சிரிக்கிற அந்த அம்மா, பதற்றம் பிடித்த, வாய் ஓயாத மிஸஸ் பென்னெட், அந்த வீட்டில் நாளைக்குச் சோற்றுக்கு என்ன என்று கவலைப்பட்ட ஒரே ஆள். என் அம்மா மூடி வைத்த சாப்பாட்டுத் தட்டு ஞாபகம் வந்தது. எழுந்து போய் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை.

சார்லட்டுக்கும் ஒரு பக்கம் போட்டேன். வயது 27, அழகு என்று யாரும் சொன்னதில்லை, கையில் பணமில்லை, தம்பிகள் இருக்கிறார்கள். கல்யாணமான பிறகு எலிசபெத் அவள் வீட்டுக்குப் போகிறாள். பெண்கள் உட்காரும் அறை வீட்டின் பின்பக்கம் இருக்கிறது. சாப்பாட்டு அறை இதைவிடப் பெரிது, பார்க்கவும் நன்றாக இருக்கிறது, இவள் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாள் என்று எலிசபெத்துக்குப் புரியவில்லை. பிறகு புரிகிறது. அந்த நல்ல அறை என்றால் கோலின்ஸ் எப்போதும் அங்கேயே வந்து உட்கார்ந்துகொள்வார். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று சொல்லி அவரைத் தோட்டத்துக்கும் அனுப்பிவிடுகிறாள். என் பெரியம்மா இப்படித்தான். பெரியப்பா திண்ணையில் பேச ஆரம்பித்தால் இவள் முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள், புடைக்க அரிசி இருக்கிறதோ இல்லையோ. இருபது வருஷமாகப் பார்த்தும் எனக்கு அது வேலை என்றுதான் தோன்றியிருந்தது. சுயமரியாதை இல்லாதவள் என்று விடைத்தாளில் எழுதியதற்காகச் சார்லட்டிடம் மன்னிப்புக் கேட்க முடியாது, பெரியம்மாவிடமும் முடியாது, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துகொண்டு படித்தால் பாதிக் குழப்பம் தீரும். 1870இலும் பிறகு 1882இலும் வந்த கல்யாணமான பெண்களின் சொத்துச் சட்டங்களுக்கு முன்னால், தனியாகப் பத்திரம் எழுதி வைக்காவிட்டால், மனைவியின் கையிருப்பும் சம்பாத்தியமும் கணவனுக்குத்தான். 1847இல் வந்த நாவலில் ஜேன் ஐயர் தன் 5,000 பவுண்டோடு ரோச்செஸ்டரிடம் திரும்பி வந்து நான் இப்போது சுதந்திரமானவள் என்று நிமிர்ந்து சொல்கிறாள். கணக்குப்படி அந்தச் சுதந்திரம் சர்ச் வாசல் வரைக்கும்தான். ரோச்செஸ்டர் ஏன் அந்த மனைவியை விவாகரத்து செய்யவில்லை என்று கேட்காதீர்கள், நான் கேட்டு இரண்டு மார்க் இழந்திருக்கிறேன். பைத்தியம் என்ற காரணத்துக்காக விவாகரத்து வாங்க இங்கிலாந்தில் 1937 சட்டம் வரை காத்திருக்க வேண்டும்.

எம்மாவை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. நாவலை எழுதிய ஜேன் ஆஸ்டனே என்னைத் தவிர யாருக்கும் இவளைப் பிடிக்காது என்று சொன்னாராம், அதனால் குற்ற உணர்ச்சி இல்லை. 30,000 பவுண்டு சொத்துக்காரி, ஊரார் கல்யாணத்தை எல்லாம் முடித்து வைக்கக் கிளம்புகிறாள். ஆனால் அவள் ஒரு இடத்தில் தோழியிடம் சொல்வது குத்தியது. நான் கல்யாணம் ஆகாமல் இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏழையாக இருந்து கல்யாணம் ஆகாமல் இருந்தால்தான் சிரிப்பார்கள் என்கிறாள். அப்போது எனக்கு 31. புத்தகத்தை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் உலர்ந்த துணியை எடுத்தேன். பின்னால் பாக்ஸ் ஹில்லுக்குச் சுற்றுலா போன இடத்தில் மிஸ் பேட்ஸ் என்ற கல்யாணம் ஆகாத ஏழைப் பெண்ணை எல்லார் முன்னாலும் கேலி செய்கிறாள். குடும்ப நண்பர் நைட்லி எம்மாவைக் கண்டிப்பதும் மிஸ் பேட்ஸின் வறுமையைச் சொல்லித்தான். அவள் வசதியாக இருந்திருந்தால் உன் கேலியை விட்டிருப்பேன் என்கிறார். எல்லாம் கடைசியில் என் நோட்டுக்கே வந்து சேர்கிறது.

எம்மாவிலேயே இன்னொரு விபத்து. பதினைந்தாம் அத்தியாயத்தில் கோச்சு வண்டிக்குள் எல்டன் என்ற பாதிரியார் எம்மாவிடம் 'மேக்கிங் வயலன்ட் லவ்' என்று வருகிறது. நான் பயந்தே போனேன். டெஸ்ஸில் பட்ட அடி ஆறவில்லை, இங்கேயுமா என்று கை நடுங்கிப் படித்தால், அந்த ஆள் கையைப் பிடித்துக்கொண்டு காதல் வசனம் பேசுகிறார், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அதற்கு அர்த்தமே அதுதான். அதேபோல, ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸில் 'மிஸ் பென்னெட்' என்றால் எலிசபெத்தின் அக்கா ஜேன். இளையவள் 'மிஸ் எலிசபெத்'. மூத்தவள் ஊரில் இல்லாதபோது எலிசபெத்தையே மிஸ் பென்னெட் என்பார்கள். இது தெரியாமல் இருபது பக்கம் நான், கடைசியில் எலிசபெத்தைக் கட்டிக்கொள்கிற டார்சியை வேறு பெண்ணோடு சேர்த்து வைத்திருந்தேன்.

வேனிட்டி ஃபேரில் பெக்கி ஷார்ப் வந்ததும் மூச்சு விட முடிந்தது. பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்போது கொடுத்த அகராதியை வண்டி ஜன்னல் வழியாகத் தோட்டத்திலேயே வீசிவிட்டுப் போகிறவள். இந்தியாவில் கலெக்டராக இருந்து வந்த ஜோஸைப் பிடிக்க வேண்டும் என்று அவர் வீட்டுக் கறிக் குழம்பைக் கண்ணீரோடு விழுங்குகிறாள். சில்லி சாப்பிடுங்கள் என்றதும் பெயரைக் கேட்டு ஏதோ குளிர்ச்சியானது என்று நினைத்துப் பச்சை மிளகாயைக் கடிக்கிறாள். நாவலை எழுதிய தாக்கரே கல்கத்தாவில் பிறந்தவர், மிளகாய் அவருக்குத் தெரியும். அத்தனை ஏமாற்றுக்காரியை நான் ஒரு நிமிஷம்கூட வெறுக்கவில்லை. பேரம் பேசி வைக்க ஒரு தாய் இருந்தால் அவளே எதற்காக அலையப் போகிறாள்? மிடில்மார்ச்சை மூன்று தடவை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன். 1871-72இல் அது எட்டுப் பாகமாக, இடைவெளி விட்டு வெளிவந்தது என்று தெரிந்த பிறகு, வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரி ஞாயிறுதோறும் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டேன், அப்போதுதான் முடிந்தது.

மூன்றாவது தடவை 58 மார்க். ஸ்வீட் வாங்கிப் போனேன், அம்மா எதற்கு என்று கேட்டாள்.

பரீட்சை முடிந்தும் விடவில்லை. தாளில் இல்லாத தி மில் ஆன் தி ஃப்ளாஸ் வாங்கினேன். மேகி என்ற சின்னப் பெண் கோபத்தில் தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டு ஆசையாக இருந்தது. ஒழுங்கு பிடித்தவள் ஆயிற்றே, முதலில் முன்னுரையைப் படித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே மேகி அண்ணனோடு வெள்ளத்தில் மூழ்கிச் சாவதை ஒரு பேராசிரியர் ஆராய்ந்து வைத்திருந்தார். இந்தப் பதிப்புகளின் முன்னுரை எல்லாம் ஏற்கெனவே படித்தவர்களுக்காக எழுதியது. பின்னுரை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் மில் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "அக்கா, நானும் படிக்கிறேன், ஒண்ணு கொடுங்க" என்றாள். ஜேன் ஐயர் கொடுத்தேன், ஆரம்பிக்க அதுதான் சுலபம், அவளே தன் கதையைச் சொல்கிறாள். கொடுக்குமுன் முன்னுரைப் பக்கங்களைச் சேர்த்து மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று ஸ்டேப்ளர் பின் அடித்தேன். கதை முடிந்த பிறகு பிரித்துக்கொள், அதுவரை கை வைக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில் என் மேஜைக்கு வந்து, "அக்கா, மாடியில் இருக்கிறது அவரோட பொண்டாட்டியாமே" என்றாள்.